பிஷப் கதை சொன்ன அண்ணை

ஒரு கோடைகால ஒன்றுகூடலில் அண்ணையின் கையில் விசிலைக் கொடுத்தது எங்கள் வானொலி முதலாளிதான். ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கத்தில் ஒரு பூங்கா. எங்கள் தமிழ் வானொலி வருடந்தோறும் நேயர்களுக்காக நடத்துகிற ஒன்றுகூடல். கயிறிழுத்தலுக்கு நடுவராக வர வேண்டியவர் வரவில்லை. அண்ணை அந்த நேரம் இறைச்சி வாட்டுகிற அடுப்பருகே நின்று, முதலாளியின் குரலிலேயே ஒரு புடைவைக்கடை விளம்பரத்தைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். “இந்தா, நீ பார் மச்சான்” என்று முதலாளி விசிலை எறிந்தார்.

விசில் கழுத்தில் ஏறியதுதான் தாமதம், மனிதரிடம் சிரிப்பு இல்லாமல் போய்விட்டது. கயிற்றின் நடுவைத் தேடிப் பிடித்துத் தன் கைலேஞ்சியைக் கட்டினார். புல்லில் கோடு கீறினார். இரண்டு பக்கத்தாரின் சப்பாத்துகளையும் குனிந்து பார்த்தார். முதலாளியின் பக்கம் இழுத்து வென்று ஆர்ப்பரித்தபோது விசில் ஊதினார். அவர்களுடைய கடைசி ஆள் கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி வைத்திருந்தான்.

“நீங்கள் தோத்திட்டியள்.”

“டேய், இது பிக்னிக்கடா.”

“அப்ப விசிலை ஏன் தந்தனி?”

எல்லோரும் சிரித்தோம். அதிக நேரம் சிரித்தது முதலாளிதான். அண்ணையின் தோளில் கையைப் போட்டு, “உவனை நம்பி ஒரு விசில் குடுக்கேலாது பாருங்கோ” என்று போகிற வருகிற எல்லோருக்கும் சொன்னார். அன்றைக்கு அவர் மனந்திறந்துதான் சிரித்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

அண்ணையைப் பற்றிச் சொல்வதென்றால் இந்த விசிலில் தொடங்கி விசிலிலேயே முடித்துவிடலாம். எதைக் கையில் கொடுத்தாலும் அவர் அதுவாகவே ஆகிவிடுவார். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பது அதற்குப் பிறகு கணக்கில் வராது. பிற்காலத்தில் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். விடுமுறைக்கு முதல்நாள் லொறி ஒன்று அவசரமாகப் போக வேண்டும், இரண்டு அடுக்கை ஒன்றாகத் தூக்கு என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அண்ணை இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். “தூக்கலாம். ஆனா என்னை இதில இருத்தினது நீங்கள். நான் இருக்கிற வரைக்கும் தூக்க மாட்டன்” என்றாராம். அந்தக் களஞ்சியத்தில் வேலை செய்த என் மைத்துனர் வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்குப் பாதிச் சிரிப்பு, பாதி எரிச்சல். அண்ணையைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் அப்படித்தான்.

ஆனால் நான் அவரை அறிந்தது வானொலியில். அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் தமிழ் வீடு என்றால் குசினியில் ஒரு தனி றேடியோப் பெட்டி இருக்கும். எங்கள் நிலையத்தைக் கேட்பதற்கென்றே வாங்கிய பெட்டி. காலையில் தேநீர் வைக்கும்போது போட்டால் படுக்கப் போகும்வரை அது கதைத்துக்கொண்டே இருக்கும். நிலையம் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே புடைவைக்கடை, பக்கத்தில் சாப்பாட்டுக்கடை. நான் காலை வேளைகளிலும் ஞாயிறுகளிலும் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் இருப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பல் வைத்தியரின் வரவேற்பறையில் வேலை.

அண்ணை பாட்டு நிகழ்ச்சிக்காரர். நேயர் விருப்பம் அவருடைய இராச்சியம். நேயர்கள் யாரும் அழைக்காவிட்டால் தானே ஒரு கிழவியின் குரலில் அழைத்து, தனக்கே பாட்டுக் கேட்டு, தன்னோடேயே சண்டை பிடிப்பார். முதலாளியும் அவரும் கனடா வந்த புதிதில் ஒரே நிலக்கீழ் அறையில் ஒரே மெத்தையில் படுத்தவர்கள். வெள்ளிக்கிழமைகளில் முதலாளி வீட்டில்தான் அண்ணைக்குக் குடியும் சாப்பாடும்.

இலங்கையில் போர் முற்றிக்கொண்டு வந்த அந்த மாரிக்குச் சற்று முன்னால், செய்திக்குப் பொறுப்பாக இருந்தவர் வேலையை விட்டுப் போனார். முதலாளி யோசிக்கவே இல்லை. தன்னுடைய ஆள் ஒருவன் செய்தியில் இருந்தால் நல்லது என்று நினைத்தார். நான் மேசையில் இருக்கும்போதுதான் அந்தக் கதை நடந்தது.

“மச்சான், நீதான் இனிச் செய்தி.”

“வேண்டாம். நான் பாட்டோட கிடக்கிறன், விடு.”

“ஏன்ரா, காசு கூடத் தாறன்.”

“காசில்லை விசயம். என்னை அதில இருத்தினியெண்டால் நீயும் நானும் கோவிக்க வேண்டி வரும்.”

முதலாளி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “பார் பிள்ளை, உவன் என்னையே வெருட்டுறான்.”

அடுத்த திங்கட்கிழமை அண்ணை கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீளக்கைச் சட்டையோடு வந்தார். வானொலியில் யார் சட்டையைப் பார்க்கப் போகிறார்கள்? குரங்குச் சேட்டைகள் எல்லாம் நின்றன. வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போவதும் நின்றது. செய்தி வாசிக்கிறவன் முதலாளியின் கிளாஸில் குடிக்கக் கூடாதாம். ஒரு செய்தியை, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் வாசிப்பார். ஒருவர் மட்டும் சொன்னால், “இதை எம்மால் உறுதிப்படுத்த முடியவில்லை” என்று நிறுத்தி நிதானமாகச் சேர்த்துச் சொல்வார். ஸ்காபரோவில் சின்னப் பிள்ளைகள்கூட வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால் அந்த வசனத்தைச் சொல்லுமளவுக்கு அது பரவியது.

சனத்துக்கு அவரில் கோபம் வரத்தான் செய்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது நல்ல செய்தி. ஒருநாள் காலை நேரடி அழைப்பில் ஒரு அம்மா வந்தா. “தம்பி, என்ர பிள்ளையள் நிக்கிற பக்கத்தில இருந்து நல்லதா ஒண்டும் வரேல்லையோ?” என்று கேட்டா. வேறு யாரென்றாலும் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அண்ணை முன்னால் இருந்த தாள்களை ஒருமுறை புரட்டினார். “எனக்கு வந்ததில இல்லை அம்மா. வந்தால் முதல்ல உங்களுக்காகத்தான் வாசிப்பன்” என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே போனை வைத்தா. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. என் தம்பியும் அவனுடைய மனைவியும் வன்னியில் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா அதற்குப் பிறகு மற்ற எந்தச் செய்தியையும் கேட்பதில்லை. “உவன் சொன்னால்தான் நான் நம்புவன்” என்பா.

தவக்காலம் தொடங்கியபோதுதான் பிஷப் கதை வந்தது. அண்ணை கத்தோலிக்கர். இளம் வயதில் குருமடத்தில் சேர்ந்து பாதியில் விட்டவர். அங்கே மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிடும்போது ஒருவர் நின்று அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், வரலாற்றை வாசிப்பாராம். குரல் நன்றாக இருந்ததால் எப்போதும் இவரையே வாசிக்க விட்டார்கள். “ஒருநாளும் சுடுசோறு தின்னேல்லைப் பிள்ளை” என்பார். ஞாயிறு மத்தியானங்களில் கத்தோலிக்க நேயர்களுக்கென்று அரைமணி நேரம் இருந்தது. அதில் இங்கிலாந்தில் எண்ணூறு வருடங்களுக்கு மேல் முன்னால் வாழ்ந்த கன்ரபரிப் பேராயர் தோமஸின் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

கத்தோலிக்கர்கள் மட்டும் கேட்கவில்லை. பிள்ளையாரைத் தவிர வேறு தெய்வத்தைத் திரும்பிப் பார்க்காத என் அம்மா, “இண்டைக்குப் பிஷப்பின்ர கதை” என்று சமையலை முன்னுக்கே முடித்துவிட்டு வந்து இருப்பா. வாரம் முழுக்க எறிகணைச் செல்லும் சாவுமாகக் கேட்ட சனத்துக்கு அந்த அரைமணி நேரம் மூச்சு விடுகிற இடமாக இருந்தது.

தோமஸ் இலண்டன் வணிகன் ஒருவனின் மகன். கெட்டிக்காரன், உடுப்புப் பிரியன், வேட்டைக்காரன். இளவயது மன்னன் ஹென்றிக்கு அவன் அமைச்சன், அதைவிட நெருங்கிய தோழன். ஒரு மாரிநாள் இரண்டு பேரும் இலண்டன் தெருவில் குதிரையில் போகிறார்கள். நான் தேநீர்க் கோப்பையை மேசையில் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுத்தேன். கந்தலோடு ஒரு கிழவன் குளிரில் நடுங்கி நிற்கிறான். “உவனுக்கொரு போர்வை குடுத்தால் புண்ணியம்தானே?” என்கிறான் மன்னன். “பெரிய புண்ணியம், அரசே” என்கிறான் தோமஸ். “அப்ப அந்தப் புண்ணியம் உனக்குத்தான்” என்று சொல்லி, தோமஸ் போர்த்திருந்த விலைகூடிய மென்மயிர்ப் போர்வையை மன்னன் பிடித்து இழுக்கிறான். தோமஸ் விடவில்லை. இரண்டு பேரும் குதிரையில் இருந்தபடியே மல்லுக்கட்டுகிறார்கள், விழப்போகிறார்கள், சிரிக்கிறார்கள். முடிவில் போர்வை கிழவனுக்குப் போகிறது. அந்தப் பகுதியை முதலாளி நிலையத்தில் இருந்தே கேட்டார். கண்ணாடியில் தட்டி, “அது நானும் நீயும்தான் மச்சான்” என்று சைகை காட்டினார்.

பிறகு மன்னன் அந்தத் தோழனையே பேராயராக்குகிறான். திருச்சபையையும் தன் கைக்குள் வைத்திருக்கலாம் என்ற கணக்கு. தோமஸ் வேண்டாம் என்றான். நம்முடைய நட்பு பகையாய்ப் போகும் என்றான். மன்னன் கேட்கவில்லை. பேராயரான அன்றோடு தோமஸ் வேறு மனிதனாகிவிட்டான். பட்டு அங்கிக்குள்ளே உடம்பைக் குத்துகிற மயிர்ச்சட்டை போட்டான். குற்றம் செய்த குருமாரை என் நீதிமன்றம்தான் தண்டிக்கும் என்று மன்னன் சொன்னபோது, முடியாது என்றான். இந்த இடத்தில் அண்ணை மன்னனின் பக்கத்து நியாயத்தையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னார். கொலை செய்த குருவுக்கு அங்கியைக் கழற்றுவது மட்டும் தண்டனையா என்று ஹென்றி கேட்டதைச் சொன்னபோது, நேயர்கள் பலர் அழைத்து ராசா சொல்வதுதான் சரி என்றார்கள். “சரியாயும் இருக்கலாம்” என்றார் அண்ணை. “ஆனா அந்தக் கதிரையில தோமஸை இருத்தினது ஆர்?”

உயிர்ப்பு ஞாயிறு வந்து போனது. கதை முடியவில்லை. வன்னியில் சனம் கடற்கரையோரமாக ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருந்தது. ரொறன்ரோ நடுநகரில் எங்கள் ஆட்கள் போரை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளோடு குளிரில் வீதியில் நின்றார்கள். ஒரு காலையில் முதலாளி செய்தியறைக்குள் வந்தார். அவருடைய கண் சிவந்திருந்தது. இராணுவத்துக்கு எதிராகப் பெரிய முறியடிப்பு நடந்திருக்கிறது, நிலைமை எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று யாரோ அவருக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள்.

“ஆர் சொன்னது?” என்றார் அண்ணை.

“நம்பிக்கையான ஆள்.”

“ஒரு ஆள்தானே. ரெண்டாவது ஆள் சொல்லட்டும், வாசிக்கிறன்.”

“ரோட்டில நிக்கிற சனத்தைப் போய்ப் பாரடா. செத்த பிணம் மாதிரி நிக்குதுகள். இதை நான் வாசிச்சால் ஒருத்தரும் நம்பமாட்டினம். நீ வாசிச்சால்தான் நம்புவினம்.”

“அதாலதான் வாசிக்க மாட்டன் எண்டுறன்.”

முதலாளி கதிரையில் அமர்ந்து அழத் தொடங்கினார். நடிப்பில்லை. அவருடைய அக்கா குடும்பமும் அங்கேதான். “மச்சான், ஒரே மெத்தையில படுத்தனாங்கள். உன்னட்டை நான் ஒண்டும் கேட்டதில்லை. எனக்காக ஒருக்கா.”

அண்ணை ஒரு தாளை எடுத்து, முதலாளி சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு வந்து ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாசித்தார். ‘உறுதிப்படுத்த முடியவில்லை’ என்ற வசனத்தை அன்றைக்கு அவர் சேர்க்கவில்லை.

ஸ்காபரோ துள்ளியது. பிளாசாவில் கார்கள் ஹோர்ன் அடித்தன. கீழே சாப்பாட்டுக்கடைக்காரர் சும்மா வடை கொடுத்தார். எங்கள் வீட்டில் அம்மா அயலட்டை வீடுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தா. மறுநாள் தம்பி அழைத்தான். யாரிடமோ இருந்த சற்றலைட் போன், ஆளுக்குக் கொஞ்சநேரம்தான். போனை அம்மாதான் எடுத்தா. “இஞ்ச கனபேர் தண்ணிக்குள்ளால இறங்கி அங்கால ஆமிப்பக்கம் போகினம். நாங்களும் வெளிக்கிடட்டோ அம்மா?” என்று கேட்டிருக்கிறான். அம்மா சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. “பொறு மோனை. செல்லுக்குள்ளால ஓடாதை. நிலமை திரும்புதாம், றேடியோவில சொன்னவங்கள். அவனே சொன்னவன்.” தம்பி சரி என்றான். கதைப்பதற்கு வேறு நேரம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கிடையில் அந்தச் செய்தி பொய் என்று அண்ணைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். அன்று மத்தியானம் அவர் சொன்ன பிஷப் கதையில் தோமஸ் சறுக்குகிற இடம் வந்தது. மன்னன் பிரபுக்களையும் ஆயர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு நெருக்குகிறான். கூட இருந்த ஆயர்களே, எங்களைக் காப்பாற்று, ஓம் என்று சொல் என்று கெஞ்சுகிறார்கள். தோமஸ் ஓம் என்று சொல்லிவிடுகிறான். பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் அந்த ஓம் அவனைத் தின்னத் தொடங்குகிறது. நான் பூசை செய்யத் தகுதியில்லாதவன் என்று பீடத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிவைக்கிறான். அண்ணையின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. நான் இசையைக் கூட்டி அதை மறைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி காரில் இருந்து அழைத்தார். ஸ்பீக்கரில்தான் போட்டோம்.

“உந்த ராசா ஆர்? நானோ?”

“இல்லை. நான் பிஷப்பைப் பற்றித்தான் கதைச்சனான்.”

“உன்ர பிஷப் போதும். நிப்பாட்டு.”

“நிப்பாட்டுறன். ஆனா நாளைக்குக் காலமை ஒரு திருத்தம் வாசிக்க வேணும். அந்தச் செய்தி பிழை.”

“சனம் எங்களைக் கொளுத்தும். வாசிக்கேலாது.”

“வாசிச்சது நான். திருத்த வேண்டியதும் நான்தான்.”

திங்கட்கிழமை காலைச் செய்தி. “வணக்கம். முதலில் ஒரு திருத்தம். கடந்த வாரம் இந்த வானொலியில் நான் வாசித்த ஒரு செய்தி...” அவ்வளவுதான் போனது. முதலாளி என் பின்னால் வந்து, ஒலிவாங்கியின் விசையில் இருந்த என் கைக்கு மேலே தன் கையை வைத்து அப்படியே கீழே இழுத்தார். மற்றக் கையால் ஒரு பாட்டைத் தட்டிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அண்ணை வாசித்துக்கொண்டே இருந்தார். குரல் போகவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசி வசனத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

பாட்டு முடிந்ததும் முதலாளி தானே பேசினார். எங்கள் செய்தி வாசிப்பாளர் மனஅழுத்தத்தால் சுகவீனம் அடைந்திருக்கிறார், அவர் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்த நேரத்தில ஆர் ஆரை விலைக்கு வாங்குகினம் எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே” என்றும் சொன்னார். அது போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே அண்ணையின் காரில் யாரோ துரோகி என்று கீறிவிட்டார்கள். நாலு பேர் அவருடைய வீட்டு வாசலுக்குப் போய் நின்று, மனைவிக்கும் கேட்கத்தக்கதாக ஏசிவிட்டு வந்தார்கள். அவரோடு கூட வேலை செய்த ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிஷப் கதை, தோமஸ் படகேறி நாட்டைவிட்டுத் தப்பிப் போகுமுன்னரே நின்றுபோனது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. ஆனியில், முகாமில் இருந்த தம்பியின் மனைவியோடு கதைக்கக் கிடைத்தது. தம்பி இல்லை. அவன் அம்மாவோடு கதைத்த அந்த வாரமே பங்கருக்குள் செல் விழுந்திருக்கிறது.

நான் வேலையை விட்டுவிட்டேன். அந்தக் கோடையில் ஒருநாள் ஒரு கோப்பிக்கடையில் அண்ணையைக் கண்டேன். பிறம்ரன் வேலையின் மஞ்சள் மேலங்கியோடு இருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், “பிஷப்புக்குப் பிறகு என்ன நடந்தது அண்ணை?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். சாதாரணமாகவே சொன்னார், வானொலிக் குரல் இல்லாமல். தோமஸ் பிரான்சில் ஆறு வருடம் கிடந்தான். மன்னன் காணியைத் தாறன், கதிரையைத் தாறன், எல்லாம் தாறன் என்றான். ஆனால் அந்தக் காலத்தில் சமாதானத்துக்கு அடையாளமாகக் கொடுக்கிற ஒரு முத்தம் உண்டு, அதை மட்டும் கொடுக்க மாட்டன் என்றான். தோமஸ் அது இல்லாமலே திரும்பி வந்தான். நாலு போர்வீரர் வாளோடு கோவிலுக்குள் வந்தபோது கூட இருந்த துறவிகள் ஓடிப்போனார்கள். சில நாளைக்கு முதல் விருந்தாளியாய் வந்த ஒருவன் மட்டும் பக்கத்தில் நின்று கையில் வெட்டு வாங்கினான். தோமஸை அங்கேயே கொன்றார்கள். பிறகு ராசா வெறுங்காலோடு நடந்து வந்து, கல்லறையில் விழுந்து, துறவிகளின் கையால் சவுக்கடி வாங்கினான்.

“கடைசியில ராசா உணர்ந்திட்டார்” என்றேன்.

“செத்த ஆளிட்டை மன்னிப்புக் கேக்கிறது சுகம் பிள்ளை. அவர் திருப்பி ஒண்டும் கேக்க மாட்டார்.”

அதற்குப் பிறகுதான் தம்பியின் கதையைச் சொன்னேன். அந்தப் போன் அழைப்பையும், அம்மா சொன்னதையும். மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், வாயில் வந்துவிட்டது. அண்ணை எழும்பிக் கழிவறைக்குப் போனார். திரும்பி வரக் கனநேரமானது. முகம் கழுவியிருந்தார். “அம்மாவிட்டை நான் வந்து சொல்ல வேணும்” என்றார்.

“இப்ப வேண்டாம். அவ தாங்க மாட்டா.”

கேட்கவில்லை. செய்தி தெரிந்த நாளில் இருந்து எண்ணித் தம்பிக்குச் செய்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு யாரும் அழைக்காமலே வந்தார். அம்மா அவரைக் கண்டதும் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. அவர் தம்பியின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

முதலாளி அவரைத் திருப்பி எடுக்கப் பலமுறை முயன்றார். பாட்டு நிகழ்ச்சியைத் தருகிறேன், காலை நேரத்தையே தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அண்ணை கேட்டது ஒன்றைத்தான். திருத்தத்தை வாசிக்க விடு. அது மட்டும் நடக்கவில்லை.

வருடங்கள் போயின. நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போனோம். குசினியில் றேடியோப் பெட்டி வைக்கவில்லை. ஒருநாள் அண்ணை அழைத்தார். நிலையத்தின் ஆண்டுவிழாவில் தனக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம்.

“போகப் போறியளோ?”

“ஓம். மேடையில திருத்தம் சொல்லலாம் எண்டு முதலாளி சத்தியம் பண்ணித் தந்திருக்கிறான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறியே பிள்ளை?”

அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. விழா என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன். அண்ணை எங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். மண்டபம் நிறைந்த சனம். முதலாளி அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினார், கட்டிப்பிடித்தார், கண்ணைத் துடைத்தார். “அந்த நெருப்பு நாளுகளில நானும் என்ர நண்பனும் பக்கத்தில பக்கத்தில நிண்டு உங்களுக்கு உண்மையை மட்டும்தான் சொன்னனாங்கள்” என்றார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

அண்ணை ஒலிவாங்கியை வாங்கினார். கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார்.

“வணக்கம். ஒரு திருத்தம். போர் முடிவதற்கு முந்திய மாதம் இந்த வானொலியில் நான் வாசித்த...”

முதலாளி ஒலிமேசைப் பக்கம் விரலை அசைத்தார். ஒலிவாங்கி செத்தது. பெரிய சத்தத்தில் இசை தொடங்கியது. சலங்கை கட்டிய சிறுமிகள் இரண்டு பக்கத்தாலும் மேடைக்கு ஓடி வந்தார்கள். அண்ணை கையில் இருந்த ஒலிவாங்கியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்த முகத்தோடு சனத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அண்ணை மேடையின் விளிம்புக்கு வந்தார். ஆடுகிற பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, தொண்டை நரம்பு புடைக்க, முழுவதையும் சொன்னார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் அவர் நன்றி சொல்கிறார் என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டினார்கள்.

இறங்கி நேரே எங்களிடம் வந்தார். பொன்னாடை தோளில் சரிந்து கிடந்தது. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தா.

“தம்பி, அண்டைக்கு வாசிக்கேக்கை அது பொய்யெண்டு உமக்குத் தெரியுமோ?”

“பொய்யெண்டு தெரியாது அம்மா. உறுதியில்லை எண்டு தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டுதான் வாசிச்சனீர்?”

“ஓம் அம்மா.”

“உம்மட குரலை நம்பித்தான் நான் என்ர பிள்ளையை நிக்கச் சொன்னனான்.”

“ஓம் அம்மா. உங்கட மகள் சொன்னவ.”

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் தலையைக் குனியாமல் நின்றார், அவ பார்த்து முடிக்கும்வரை. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. மனைவியோடு மேற்கே எங்கோ மகளிடம் போய்விட்டார் என்று கேள்வி.

அன்றிரவு வீட்டு வாசலில் காரை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தேன். அம்மா இறங்கவில்லை. இருட்டில் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தா.

“எங்களுக்குப் பொய் சொன்ன ஆக்கள் எத்தினை பேர் பிள்ளை. இவன் ஒருத்தன்தான் முன்னால வந்து நிண்டு ஓம் எண்டவன்.”

இருக்கைப் பட்டியைக் கழற்ற அம்மாவின் கை தேடியது. அகப்படவில்லை.

“அவனையும் என்னால மன்னிக்க ஏலாமல் கிடக்கு.”